பெட்டி மேல உக்காந்து பாத்த கப்பல்

பூட்டு மாட்டாத பெட்டி மேல ஏறி உக்காந்தே பொழப்பு நடத்தினவங்க திருச்சியில வேற யாராவது இருந்தாங்களான்னு எனக்குத் தெரியாது, ஆனா நான் நடத்தினேன். ஊருக்குக் கிளம்புற அன்னிக்கு மூடி ஒரு பக்கம், கொண்டி ஒரு பக்கம்னு மல்லுக்கட்டி, வேர்த்து விறுவிறுத்து, வீட்டுல இருக்கிற எல்லாரையும் ஒரு சுத்து திட்டித் தீர்த்தவங்கதானே நீங்களும். அதனால உங்ககிட்ட சொன்னா புரியும்.

எங்க வீட்டுக்காரர் தகரப்பெட்டி செய்யறவர். பெரிய கடைவீதிக்குப் பின்னால ஒரு சந்துல கடை. அவர் பெட்டி செஞ்சார், நான் அடுக்கினேன். அப்ப நாகப்பட்டினத்துலேருந்து மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் கப்பல் போகும். சுத்துப்பட்டு ஊர்க்காரங்க எல்லாம் சாமானை மூட்டையா கட்டிக்கிட்டு எங்க கடைக்கு வந்து, பெட்டி வாங்கி, அங்கயே அடுக்கி, கயிறு கட்டி, ரயிலேறிடுவாங்க. கப்பல்ல ஒரு வாரம். அந்த ஒரு வாரத்துக்கு வீடு, அடுப்படி, அலமாரி எல்லாம் அந்தப் பெட்டிதான். இப்பல்லாம் கப்பல்ல சும்மா சுத்திப் பாக்கவே போறாங்களாம், உள்ளயே நீச்சல் குளம் இருக்காம். சுத்தி அத்தனை தண்ணியை வச்சுக்கிட்டு உள்ள எதுக்குங்க குளம்? சரி, அது நமக்கெதுக்கு.

கடையில எனக்குக் கூடமாட இருந்தது என் நாத்தனார் சரசு. கல்யாணமான சூட்டோட அவ வீட்டுக்காரர் பினாங்குக்குக் கப்பலேறிட்டார். அங்க ஒரு மளிகைக் கடையில வேலை, அந்தக் கடை மாடியிலயே நாலஞ்சு ஆம்பளைங்களோட படுக்கை. தனியா ஒரு ரூம் கிடைச்சதும் அடுத்த கப்பல்ல கூட்டிக்கிறேன்னு சொல்லிட்டுப் போனவர். இவ அந்த அடுத்த கப்பலுக்காகத் தன் பெட்டியைப் பாத்துப் பாத்து அடுக்கி, கடையில பலகைக்கு அடியில தள்ளி வச்சிருந்தா. அடுத்த கப்பல் போச்சு, அதுக்கு அடுத்ததும் போச்சு, ரூம்தான் கிடைக்கல. வர்றவங்க போறவங்க "என்னம்மா, நீ இன்னும் கிளம்பலையா"ன்னு கேட்டா, மூஞ்சியை ஒரு மாதிரி வச்சுக்காம சிரிச்சுக்கிட்டே சொல்லுவா: "பெட்டி எப்பவோ கிளம்பிருச்சுங்க, நான்தான் பாக்கி."

அம்மியும் குழவியும்

லால்குடிப் பக்கத்துலேருந்து ஒரு ஆத்தா மாட்டுவண்டியில வந்து இறங்கினாங்க. வண்டியில இன்னொரு ஆளு உக்காந்திருக்கிற மாதிரி சாக்குப் போத்தி ஒண்ணு இருந்துச்சு. விலக்கிப் பாத்தா அம்மி. பினாங்குல இருக்கிற மகன் வீட்டுக்குப் போறாங்களாம், மருமக மசாலாவை டப்பாவுல வாங்குறாளாம். எங்க வீட்டுக்காரர், "ஆத்தா, இதை வச்சா பெட்டி அடி விட்டுரும்"னார். "நீ கெட்டித் தகரமா போடு"ன்னாங்க ஆத்தா. பக்கத்துக் கடை காதர் பாய் கயிறு, பாய், பூட்டு விக்கிறவர், எங்க கடையில நடக்கிறது எல்லாத்துக்கும் தீர்ப்பு சொல்லுவார். அவர் தன் கடையிலேருந்தே, "பெட்டி தாங்கும் ஆத்தா, கப்பல் தாங்கணுமே"ன்னார்.

அம்மின்னதும் எங்க மாமியார் ஞாபகம் வருது. எங்க வீடு ஸ்ரீரங்கத்துல. ஒரு தடவை காவேரி பெருகித் தெருவுக்குள்ள தண்ணி ஏறினப்ப, எங்க மாமியார் முதல்ல பரண்ல ஏத்தினது குழவியை. அப்புறம் அரிசி மூட்டையை. மாமனார் முழங்கால் தண்ணியில நின்னுக்கிட்டு, "என்னை எப்ப ஏத்துவே"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாராம். அதனால அந்த ஆத்தா மேல எனக்குக் கோவம் வரல.

பேசிப் பேசி, அம்மி ஊர்லயே இருக்கட்டும், குழவி மட்டும் போகட்டும்னு முடிவாச்சு. ஆனா குழவி உருண்டா உள்ள இருக்கிற ஊறுகாய் ஜாடி என்னத்துக்கு ஆகும்? சுத்தி வைக்கக் கனமா ஒரு துணி வேணும். சரசு குனிஞ்சு, தன் பெட்டியிலேருந்து புது ஜமுக்காளத்தை உருவிக் குடுத்தா. "உனக்கு வேணாமாடி"ன்னேன். "எனக்கு என்ன அண்ணி, நாளைக்கேவா போறேன்"னா. ஆத்தா குழவியைக் குழந்தை மாதிரி சுத்திப் படுக்க வச்சுட்டு, என்னைப் பாத்துச் சொன்னாங்க: "அம்மி எந்த ஊர்ல வேணா இருக்கட்டும் தாயி, கை புடிக்கிறது நம்ம ஊரா இருந்தாப் போதும்."

பச்சைப் பெட்டி

ஒரு சமயம் எங்க வீட்டுக்காரருக்கு எங்கயோ ஒரு பெரிய டின் பச்சை பெயிண்ட் மலிவாக் கிடைச்சுது. மனுஷனுக்கு அப்படி ஒரு சந்தோஷம். பெட்டி பச்சை, மூடி பச்சை, வீட்டுல பால்காரருக்கு வைக்கிற செம்புல கூட ஒரு கோடு பச்சை. அந்த சீசன்ல எங்க கடைப் பெட்டி அத்தனையும் ஒரே நிறத்துல கப்பலேறிச்சு. மேல என்ன அடையாளம்னு எங்க யாருக்கும் தோணவே இல்ல.

அப்புறம் ஒரு நாள் உறையூர்ச் சேலை வியாபாரி ஒருத்தர் கடைக்குள்ள வந்து, சத்தமே போடாம ஸ்டூல்ல உக்காந்தார். அவரும் சம்சாரமும் பினாங்குல இறங்கி எடுத்துட்டுப் போனது வேற யாரோட பச்சைப் பெட்டியோ. இவர் பெட்டி யார் வீட்டுக்கோ போய், சேலையை எல்லாம் ஒரு கிழவனார் பாத்து மிரண்டு, தேடிக் கண்டுபிடிச்சு மாத்திக்கிறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சாம். எங்க வீட்டுக்காரர் பச்சை டின்னைக் காலால பலகைக்கு அடியில தள்ளினார். சரசு உடனே எழுந்து ஒரு வெள்ளை பெயிண்டையும் பிரஷ்ஷையும் எடுத்தா. எட்டாவது வரைக்கும் படிச்சவ, கையெழுத்து முத்து முத்தா இருக்கும். அன்னியிலேருந்து எல்லாப் பெட்டி மூடியிலயும் பேரு, ஊரு, கடைசி எழுத்துலேருந்து கோலத்துல இழுக்கிற மாதிரி ஒரு சுழி. அந்தச் சுழியைப் பாத்தாலே எங்க கடைப் பெட்டின்னு தெரிஞ்சுரும்.

நான் அந்த வியாபாரிகிட்ட, "மனசுல வச்சுக்காதீங்க, பெரிய தப்பாப் போச்சு"ன்னேன். அவர் சரசு எழுதுறதையே பாத்துக்கிட்டுச் சொன்னார்: "நான் கோவிச்சுக்கலம்மா, அந்தப் பெட்டியில இருந்த முறுக்கு தீர்ந்தப்புறம்தான் பெட்டி மாறிடுச்சுன்னே என் சம்சாரம் என்கிட்ட சொன்னா."

மடிப் பெட்டி

நானும் சரசுவும் தினம் டவுன் பஸ்ல பாலம் தாண்டி சத்திரம் பஸ் ஸ்டாண்டுல இறங்கிக் கடைக்கு வருவோம். ஒரு நாள் பஸ்ல ஸ்ரீரங்கத்துப் பெரியவர் ஒருத்தர், கோயில் கைங்கர்யக் குடும்பம், என்கிட்ட கேட்டார்: "பெட்டி அடுக்கறது நீங்கதானேம்மா? சிங்கப்பூர்ல குமாரன் இருக்கான். பெருமாள் கிருபையில அடியேனுக்கும் கடல் பிரயாணம் பிராப்தமாயிருக்கு. ஆனா கப்பல்ல தீர்த்தத்துக்கு என்ன பண்றது?" கப்பல்ல குழாய் இருக்கும் சுவாமின்னு நான் சொன்னதுதான் தாமசம், வழியில அம்மாமண்டபப் படித்துறையில இறங்கிக் காவேரியிலயே போய் நின்னுடுவார் போல ஆயிட்டார்.

சொன்ன நாள்ல அவரும் மாமியும் கடைக்கு வந்தாங்க. குடத்துல காவேரித் தீர்த்தம், வாயில துணி கட்டியிருந்துச்சு. பஸ் குலுங்கின குலுங்கல்ல பாதித் தீர்த்தம் கண்டக்டர் மேல. மீதிப் பாதியை எதுல கொண்டு போறதுன்னு அவர் கையைப் பிசைஞ்சப்ப, சரசு தன் பெட்டியைத் திறந்து திருகு மூடி போட்ட பித்தளைக் கூஜாவை எடுத்து நீட்டினா. அவர் தயங்கினார். "புதுசுதானே, நன்னாப் புளி போட்டுத் தேய்ச்சு அலம்பிட்டா தீர்ந்துது"ன்னு மாமி வாங்கிக்கிட்டாங்க. எனக்குத்தான் வயித்தெரிச்சல். அந்தக் கூஜா அவ கல்யாணத்துக்கு எங்க மாமியார் குடுத்த சீர்.

அப்புறம் பெட்டி மூடல. பழக்க தோஷத்துல நான் ஏறி உக்காரப் போனேன். "ஐயையோ, உள்ளே பெருமாளோட திருவாராதன சாமான் இருக்கு, மேலே உட்காரப்படாது"ன்னு பெரியவர் பதறிட்டார். எங்க வீட்டுக்காரர் உக்காரக்கூடாது, அவரே உக்காரக்கூடாது. காதர் பாய் எங்க தன்னைக் கூப்புடுவாங்களோன்னு வானத்தைப் பாத்துக்கிட்டு உள்ள போயிட்டார். மாமிதான் பொறுமையா முந்தானையைச் செருகிக்கிட்டு, பெட்டிக்குள்ள கையை விட்டு, வேஷ்டிகளுக்கு நடுவுலேருந்து ஒவ்வொண்ணா எடுத்து வெளிய வச்சாங்க. எல்லாம் மூக்குப்பொடி டப்பா. எடுத்து முடிச்சதும் மூடி தானா உக்காந்துக்கிச்சு. மாமி சொன்னாங்க: "பெருமாள் மேலே யாரும் உட்காரப்படாது, வாஸ்தவம்தான், இத்தனை பொடி டப்பாவும் பெருமாள் பக்கத்துலே உட்காரலாம்னு எந்த சாஸ்திரத்துலே சொல்லியிருக்கு?"

ரோஜாப்பூ

தென்னூர்ல ஒரு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். இவர் மத்தவங்க மாதிரி இல்ல. "சிங்கப்பூர்ல இருக்கிற மகளைப் பாக்கிறது ஒரு சாக்கும்மா, நான் போறது கடலைப் பாக்கிறதுக்கு"ன்னார். இந்தக் காலத்து ஆளுங்க மாதிரி உல்லாசமாப் போறாராம். யார்கிட்டயோ இரவல் வாங்கின பைனாகுலர், மடக்குற சாய்வு நாற்காலி, வெயிலுக்குத் தொப்பி, குளிருக்கு மப்ளர், மழைக்குக் குடை, படிக்கப் புத்தகம். பள்ளிக்கூடத்தையே பெட்டியில வைக்கச் சொல்லியிருப்பார், இடமில்ல.

நான் கேட்டேன், "ஊறுகாய் வச்சீங்களா சார்?" ரத்தக்கொதிப்புக்கு ஆகாதாம். "ஒரு வாளி?" "வாளி எதுக்கு, நான் என்ன கிணத்துலயா போறேன்?" இத்தனை வருஷம் பசங்களைக் கேள்வி கேட்டவர்கிட்ட நாம திருப்பிக் கேக்க முடியுங்களா. நான் விட்டுட்டேன். சரசு விடல. அவர் காதர் பாய்கிட்ட கயிறுக்குப் பேரம் பேசிக்கிட்டிருந்தப்ப, தன் பெட்டியிலேருந்து எலுமிச்சங்காய் ஜாடியையும் சின்ன எனாமல் வாளியையும் எடுத்து, அவர் பெட்டியில நாற்காலித் துணிக்கு அடியில சொருகிட்டா. "ஏண்டி, உன் பெட்டியில இன்னும் என்னதான் இருக்கு"ன்னு அவ காதுல கேட்டேன். "இடம் இருக்கு அண்ணி"ன்னா.

கப்பல் ஆட்டம் ஒத்துக்காம, ஹெட்மாஸ்டர் திரும்பி வந்தப்ப ஆளே பாதியா இருந்தார். மப்ளர் மட்டும் அப்படியே புதுசா இருந்துச்சு. கடைக்கு வந்து வாளியைத் துடைச்சு சரசு முன்னால வச்சார். எலுமிச்சங்காய்தான் உசிரை நிறுத்தி வச்சுதுன்னார். "கடலைப் பாத்தீங்களா சார்"னு நான் கேட்டேன், கேக்காம இருக்க முடியுமா. அவர் வாளிக்குள்ள எட்டிப் பாத்துட்டுச் சொன்னார்: "போற வழி முழுக்க நான் பாத்த ஒரே காட்சி இந்த வாளியோட அடிதாம்மா, உள்ள ஒரு ரோஜாப்பூ போட்டிருக்கான், நல்லாத்தான் போட்டிருக்கான்."

பினாங்குல ஒரு ஆளு

சிரிச்சு முடிச்சதும் அவர் எழுந்து போகல. சரசுவைப் பாத்து, "நீதானேம்மா பெட்டியில பேரு எழுதுறது"ன்னார். அவ ஒரு பெட்டி முன்னால பிரஷ்ஷோட உக்காந்திருந்தா, தலையை ஆட்டினா. போற வழியில கப்பல் பினாங்குல நின்னுச்சாம். தரைன்னு ஒண்ணு இன்னும் இருக்கான்னு பாக்க இவர் இறங்கி, ஒரு மரப்பெட்டி மேல உக்காந்திருக்கார். அங்க ஒல்லியா ஒருத்தர், இறங்கி வர்ற பெட்டி ஒவ்வொண்ணையும் குனிஞ்சு பாத்துக்கிட்டே போறாராம். சுழி போட்ட பெட்டி வந்தா நின்னுடுவாராம். அதோட சொந்தக்காரங்க வர்ற வரைக்கும் கப்பல் ஏணியையே பாத்துக்கிட்டு இருப்பாராம். வேற யாரோ வந்து பெட்டியை எடுத்துட்டுப் போனதும் அடுத்த பெட்டிக்குப் போவாராம்.

ஹெட்மாஸ்டருக்குச் சந்தேகம் வந்துடுச்சு. வாந்தி எடுத்த வாயோடயே, "யாருப்பா நீ, அடுத்தவங்க பெட்டிகிட்ட என்ன வேலை"ன்னு அதட்டியிருக்கார். அந்த ஆளு ஒழுங்கா கையைக் கட்டிக்கிட்டு, "திருச்சிப் பெட்டிங்க சார், என் சம்சாரம் எழுத்து"ன்னாராம். ஒவ்வொரு கப்பலுக்கும் வந்து நிப்பாராம். ரூம் கிடைக்காதவர் எதுக்கு வந்து நிக்கணும்னு இவரும் கேக்கல, அவரும் சொல்லல.

திரும்பி வர்றப்ப கப்பல் மறுபடி பினாங்குல நின்னிருக்கு. அந்த ஆளு மூச்சு வாங்க ஏறி வந்து, ஹெட்மாஸ்டரைத் தேடிப் புடிச்சு, கையில ஒரு டிக்கெட்டைத் திணிச்சாராம். அதைத்தான் அவர் கோட்டுப் பையிலேருந்து எடுத்து சரசு மடியில வச்சார். எங்க வீட்டுக்காரர் சுத்தியலைக் கீழ வச்சதை நான் அன்னிக்குத்தான் பாத்தேன். சரசு எழுதிக்கிட்டிருந்த சுழி மூடியைத் தாண்டிப் பெட்டியோட பக்கத்துல இறங்கி, அடி வரைக்கும் போயிடுச்சு. ஹெட்மாஸ்டர், மாப்பிள்ளை சொன்னதை மனப்பாடமா ஒப்பிச்சார்: "எழுத்து எல்லாக் கப்பல்லயும் வந்துருது சார், ஆளு வர்றதுக்கு ஒரு தையல்கடை மாடியில இப்பத்தான் ரூம் புடிச்சிருக்கேன்னு சொல்லுங்க."

சரசு பெட்டி

கப்பலுக்கு நாள் ரொம்ப இல்ல. பலகைக்கு அடியிலேருந்து அவ பெட்டியை இழுத்தோம். கனமா இருக்கும்னு நினைச்சு நான் பலமா இழுத்ததுல பின்னால விழுந்துட்டேன். திறந்து பாத்தா கல்யாணப் புடவை, ஒரு சீப்பு, நாலு அந்துருண்டை. அவ்வளவுதான். ஜமுக்காளம் குழவிக்குப் போச்சு, கூஜா தீர்த்தத்துக்குப் போச்சு, இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். நான் கவனிக்காத நேரத்துல தலையணை, சோப்பு டப்பா, விசிறின்னு என்னென்னவோ போயிருக்கு. "பெரிய கொடை வள்ளல்னு நினைப்பு உனக்கு"ன்னு நான் திட்டுறேன், அவ சிரிக்கிறா. காதர் பாய் நல்ல கயிறாப் பாத்து ஒரு சுருள் கொண்டு வந்து, "காலிப் பெட்டிக்குக் கயிறு எதுக்குன்னு கேக்காதே தங்கச்சி, காத்துல பறந்துரும்ல"ன்னார். காசு வாங்கிக்கல, கண்ணைத் துடைச்சுக்கிட்டே கொட்டாவின்னு சொல்லிட்டுப் போனார்.

ஹெட்மாஸ்டர் வாளி திரும்பி வந்துச்சே, அதை வச்சோம். நான் புளிக்காய்ச்சல் கிண்டினேன், பருப்புப்பொடி இடிச்சேன். இன்னும் என்னென்னவோ வாங்கணும்னு பறந்தேன். "விடுங்க அண்ணி, இந்தக் கப்பல்ல போற திருச்சிப் பெட்டியெல்லாம் நாம அடுக்கினதுதானே, யார்கிட்ட என்ன இருக்குன்னு அவங்களைவிட எனக்கு நல்லாத் தெரியும்"னா. அந்தப் பெட்டிக்கு நான் ஏறி உக்கார வேண்டிய அவசியமே இல்ல. தொட்டாலே மூடிக்கிச்சு. இருந்தாலும் ஏறி உக்காந்தேன், கொஞ்ச நேரம் இறங்கல. அவளும் இறங்குங்கன்னு சொல்லல.

நாகப்பட்டினத்துல கப்பல் கரைக்கு வராது, தூரத்துல நிக்கும். படகுல போய் ஏறணும். ஜனங்க நெருக்கியடிச்சு ஏறுறாங்க. சரசு ஏறினதும் ஏறாததுமா, தலையைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்த ஒரு பொம்பளைகிட்ட, "உங்க பெட்டியில இடது மூலையில, நீலச் சேலைக்கு அடியில எலுமிச்சங்காய் இருக்கு, எடுங்க, எனக்கும் ஒண்ணு குடுங்க"ன்னு ஆரம்பிச்சுட்டா. அப்பத்தான் நான் பாத்தேன். எல்லாப் பெட்டி மேலயும் அவ எழுத்து, அவ பெட்டி மூடி மட்டும் வெறும் பச்சை. மறந்துட்டாளேன்னு எனக்குப் பகீர்னுச்சு. "சரசு, உன் பெட்டியில பேரே எழுதலையேடி"ன்னு கரையிலேருந்து கத்தினேன். படகு நகந்துடுச்சு. அவ வாயைக் கையால குவிச்சுக்கிட்டுச் சொன்னா: "எழுதினா அவரு பெட்டியைத்தான் பாத்துக்கிட்டு நிப்பாரு அண்ணி, இந்தத் தடவை ஆளைப் பாக்கட்டும்."

கப்பலுக்கு என்னென்ன எடுத்துட்டுப் போகணும்னு இப்பவும் யாராவது கேட்டா, கயிறு, பூட்டு, எலுமிச்சங்காய், அடியில பூப் போட்ட வாளின்னு சொல்லிட்டு, இதெல்லாம் இல்லேன்னாலும் பரவாயில்ல, கப்பல்ல அதை வச்சிருக்கிறவங்க பக்கத்துல பாயைப் போட்டுக்கோங்கன்னு முடிச்சுக்குவேன்.